தாய்ப் பத்திரம்: வீடு விற்றலின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று முன்னோர் எச்சரித்து வைத்தார்கள். வீட்டை விற்றுப்பார் என்று எவரும் சொல்லவில்லை. கட்டுவதற்கு மனையடி சாத்திரம் உண்டு. நாள் குறிக்கப் பஞ்சாங்கம் உண்டு. நிலை வைக்கவும் பால் காய்ச்சவும் முறைகள் உண்டு. விற்பதற்கு மட்டும் ஒரு சடங்குகூட இல்லை. வீடு விற்பது வாழ்ந்து கெட்டவர்களின் செயல் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருப்பதால், அதைப் பற்றிப் பேசுவதே கூச்சத்துக்கு உரியதாகிவிட்டது. பேசாமல் விட்டதை அனுபவமாகக் கைமாற்றவும் நம்மால் இயலவில்லை.

2010இல் தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் எங்கள் பாட்டனார் வீட்டை விற்க நேர்ந்தது. அவர் 1938இல் விலைக்கு வாங்கிய ஓட்டு வீடு அது. விற்பனைக்காக இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய கிரயப் பத்திரத்தை அப்போதுதான் முதன்முறையாக முழுதும் படித்தேன். மூன்று பக்கம். நிறுத்தற்குறி ஒன்றுகூட இல்லாத ஒரே வாக்கியம். அதற்கு முன்பே கல்வெட்டுத் தொகுதிகளை ஓரளவு படித்திருந்தபடியால் ஒரு வியப்பு ஏற்பட்டது. சோழர் காலத்து விலையாவணத்துக்கும் என் பாட்டனார் பத்திரத்துக்கும் எலும்புக்கூடு ஒன்றே. வீடு விற்பவர்களுக்கு இன்று வழக்கறிஞர்களும் பத்திர எழுத்தர்களும் சொல்லும் யோசனைகள் எல்லாம் அந்த எலும்புக்கூட்டின் மூட்டுகளிலேயே இருக்கின்றன. பத்திரத்தின் ஒவ்வொரு தொடரும் என்றோ ஒருவர் ஏமாந்ததன் நினைவு என்றே சொல்லலாம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

கல்லில் வெட்டிய விலை

சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் விற்பனை ஆவணங்கள் ஏராளம். கோயிலுக்குச் சேர்ந்த நிலமும் மனையும் பற்றியவை என்பதால் அவை கல்லுக்கு ஏறின. தனியார் தமக்குள் விற்றுக்கொண்டவை ஓலையோடு மறைந்தன. எஞ்சியவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில். அடுத்து விற்பவர் யார், வாங்குபவர் யார் என்ற விவரம். பிறகு நான்கு எல்லைகள். அந்த எல்லைக்குள் உள்நிலம் எதுவும் ஒழியாமல், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட என்ற குறிப்பு. இருதரப்பும் இசைந்த விலைப்பொருள். அது கைக்கு வந்துவிட்டது என்ற ஒப்புதல். இறுதியாக, விற்று விலையாவணம் செய்து கொடுத்தோம் என்ற உறுதி. அதன் கீழே சாட்சிகளின் எழுத்து.

இவற்றுள் நின்று படிக்க வேண்டிய ஒரு வழக்கு உண்டு. விலைக்காசை 'ஆவணக்களி'யிலேயே, அதாவது ஆவணம் எழுதும் இடத்திலேயே, 'கைச்செலவறப்' பெற்றுக்கொண்டோம் என்று விற்றவர் ஒப்புக்கொள்வார். இந்த ஓலையே விலையாவணம். பொருள் செலுத்தப்பட்டதற்கான ஓலையும் இதுவே. இதைத் தவிர வேறு ஓலை காட்டக் கடவதல்ல என்ற பொருளில் அடுத்த தொடர் வரும். பத்திரம் ஒன்று, பற்றுச்சீட்டு வேறொன்று என்று இருந்தால் பின்னாளில் பணமே வரவில்லை என்று ஒருவர் சாதிக்கலாம். அந்த வாசலை அடைப்பதற்காக எழுந்த தொடர் அது.

விற்பவர்களுக்கான முதல் பாடம் இங்கேயே கிடைத்துவிடுகிறது. பேசிய விலையும் எழுதிய விலையும் பெற்ற பணமும் ஒன்றாக இருக்கட்டும். நம் காலத்தில் இம்மூன்றும் மூன்று வேறு எண்களாகப் பிரிந்துபோயின. முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் பெருகியபோது, அதைத் தடுக்க 1967இல் சென்னை மாநிலம் முத்திரைச் சட்டத்தில் 47-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. குறைத்து எழுதியதாகத் தோன்றினால் பதிவு அலுவலர் அதை மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பலாம் என்பது அதன் சாரம். வழிகாட்டி மதிப்பு என்று நாம் அறிந்துள்ள முறை அந்த வேரிலிருந்து வளர்ந்தது. 2015 ஜூன் முதல், நிலம், வீடு ஆகியவற்றின் விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடைசெய்தது. மறைத்து வாங்கும் ரொக்கத்தால் ஆதாயம் வாங்குபவருக்கு. அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்போ பெரும்பாலும் விற்றவருக்கு. விலையை வெளிப்படையாகக் கல்லில் வெட்டிவைத்தவர்கள் நம்மைவிட விவரமானவர்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

கல்வெட்டுகளில் விரும்பி விற்ற மனைகள் மட்டும் இல்லை. உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகிய சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைத் தாங்கியது என்பதால், 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். கொலையாளிகள் யார், பின்னணியில் இருந்தவர் யார் என்று அதை வைத்து எத்தனையோ பேர் வாதிட்டுவிட்டார்கள். ஆனால் ஆவணம் என்ற அளவில் அது அவர்களும் அவர்களுடைய உறவினர்களும் இழந்த சொத்தின் விற்பனை பற்றியது. நிலத்தோடு ஆறு அகமனைகளும் அதில் அடங்கும். விலைக்கு வாங்கியவர் அவற்றை அறத்துக்கு விட்டார். குற்றம் செய்தவரின் வீட்டோடு, அவரோடு மணவுறவு கொண்டவர்களின் சொத்துகளும் அந்த ஆணைக்குள் அடங்கின. அந்த ஆறு வீடுகளிலிருந்து எத்தனை பேர் வெளியேறினார்கள், எங்கே போனார்கள் என்பதற்குக் கல்லில் இடம் இல்லை. விற்பவரின் குரலே இல்லாத விற்பனை அது.

*

நான்கு எல்லை

பழைய ஆவணங்கள் எல்லையைக் கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என வலம் வரும். கோயிலைச் சுற்றுவது போன்ற அதே திசை. கிழக்கெல்லை இன்னார் மனைக்கு மேற்கு, தென்னெல்லை இந்த வாய்க்காலுக்கு வடக்கு என்று அயலவரைக் கொண்டே மனை அடையாளம் பெறும். அளவு சொல்லும்போது எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். 12 சாண் கோலும் 16 சாண் கோலும் வழக்கில் இருந்தபோது, குழிக்கணக்கு மட்டும் சொல்வதில் பயனில்லை.

என் பாட்டனார் பத்திரத்திலும் இதே வழிதான். 'செக்குபந்தி' என்று தலைப்பிட்டு நான்கு பெயர்கள் இருந்தன. நால்வரும் இறந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. கிழக்குப் பக்கத்து வீடு மூன்று கை மாறி அரிசி மண்டி ஆகியிருந்தது. தெற்கே இருந்த பொதுச் சந்தை யாரோ சுவர் வைத்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதப்பட்ட நாளில் ஊருக்கே தெரிந்திருந்த உண்மை, 72 ஆண்டுகளில் யாருக்கும் புரியாத குறியீடாகிவிட்டது.

சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை 1858இல் அமைக்கப்பட்டு, நிலங்களுக்கு அளவை எண்கள் வந்தன. ஆயினும் ஊர்நத்தம் என்று விடப்பட்ட குடியிருப்புப் பகுதிக்குள் தனித்தனி வீடுகளுக்குப் பட்டா வழங்கும் வேலை மிகவும் பிந்தியே நடந்தது. நத்தம் நிலவரித் திட்டம் 1980களின் இறுதியில்தான் உருப்பெற்றது. வயலுக்குப் பட்டா உண்டு, வாழும் வீட்டுக்கு இல்லை என்ற நிலை அதுவரை சாதாரணம். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்தில் பெயரும் பரப்பும் மாறிப் பதிந்துபோன நேர்வுகள் கிராமங்கள்தோறும் உண்டு. விற்க முனையும்போதுதான் அவை வெளியே வரும்.

ஆதலால், வீட்டை விற்க நினைப்பவர் தரகரிடம் சொல்வதற்கு முன்னால் சர்வேயரை வைத்து மனையை அளந்துகொள்வது நல்லது. பத்திரத்து அளவு, பட்டாவின் அளவு, தரையில் உள்ள அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதை வாங்குபவர் கண்டுபிடிக்கும்முன் விற்பவர் அறிந்திருக்க வேண்டும். பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நீதிமன்றங்கள் எல்லைக்கே முதன்மை தருகின்றன. கோலை நம்பாதே, அயலைப் பார் என்ற பழைய அறிவு அங்கே தொடர்கிறது. அயலவர் பெயர் மாறியிருந்தால், பழைய பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். உங்கள் பத்திரத்தை 70 ஆண்டுகள் கழித்துப் படிக்கப் போகிறவருக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

*

ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தை நீதிமன்ற நாடகம் என்றும் படிக்கலாம். சுந்தரர் தமக்கு அடிமை என்று கிழவேதியர் ஒருவர் ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு நடக்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றனுள் ஒன்றைக் காட்டு என்று கேட்கப்படுகிறது. கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். கரணத்தான் அதை வாசிக்கிறான். சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை, காப்பில் இருந்த வேறொரு ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். எல்லாம் ஒத்துப்போன பிறகும் அவையோர் விடவில்லை. இவ்வூரினர் என்கிறீரே, உம் வீடு எது, காட்டும் என்கிறார்கள். அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

பக்தி ஒருபுறமிருக்க, படி எது மூலம் எது என்ற கேள்வி, கையெழுத்து ஒப்பீடு, காப்பகம், சாட்சி, இறுதியாக இருப்பிடச் சான்று எல்லாமே அந்த அவையில் உண்டு. வீடு வாங்குபவரின் வழக்கறிஞர் இன்றும் கேட்பவை இவையே. 'தாய்ப் பத்திரம்' என்று நாம் அழகாகப் பெயர் வைத்திருக்கும் மூல ஆவணம், அதிலிருந்து இன்றுவரை வந்த தொடர்ச்சி, வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் காட்டும் ஆட்சி, அக்கம்பக்கத்தாரின் வாய்ச்சொல். இவற்றை வரிசைப்படுத்தி ஒரே கோப்பில் வைத்திருப்பவருக்கு விலை பேசும்போதே குரல் சற்று உயர்ந்திருக்கும்.

அயலார் காட்சி என்னும் அந்த மூன்றாம் சான்று நம் காலத்தில் வலுவிழந்துபோனதற்கு ஒரு காரணம் உண்டு. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980இல் தமிழகத்தில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பிறப்பால் வரும் அதிகாரம் ஒழிந்தது நியாயமே. ஆனால் எந்த வீடு யாரிடமிருந்து யாருக்கு எப்போது போனது என்று தலைமுறைகளாக நினைவில் வைத்திருந்தவர்களும் அதோடு போனார்கள். நினைவின் இடத்தை ஏடு எடுத்துக்கொண்டது.

அந்த ஏட்டின் வரலாறு 1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. 1865 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அது பலமுறை மாற்றப்பட்டு 1908ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தால், எழுத்தர் அதை எழுத்துக்கு எழுத்து முதல் புத்தகத்தில் படியெடுப்பார். பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக மற்றோர் அட்டவணை. இந்த அட்டவணைகளைத் தேடி எழுதித் தருவதே வில்லங்கச் சான்று. தமிழ்நாட்டில் 1975 முதலான பதிவுகளை இணையத்திலேயே பார்க்கும் வசதி வந்துவிட்டது. விற்பவர் தம் சொத்தின் வில்லங்கச் சான்றைத் தாமே முதலில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். என்றோ கடன் வாங்கித் தீர்த்திருப்போம். தீர்த்ததற்கான ரசீதுப் பத்திரம் பதியாமல் விட்டிருப்போம். பணம் கொடுத்தது நமக்குத் தெரியும், ஏட்டுக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. பதிவு என்பது பத்திரத்துக்கே அன்றி உரிமைக்கு அல்ல. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவாளர் வேலையன்று. முந்தைய உரிமைப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு விதியை 2025இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்று கூறியதும் இந்த அடிப்படையில்தான். வெண்ணெய்நல்லூர் அவை செய்த ஆராய்ச்சியை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

*

புதையலும் பூட்டும்

பழைய பத்திரம் ஒன்றின் மொழியைக் கவனித்தால் நிலத்தின் படிவங்களைப் போல அடுக்கடுக்காக இருக்கும். விலை, ஒற்றி, மனை, எல்லை என்பவை தமிழ். கிரயம், சாட்சி, சர்வ சுதந்திரம், புத்திர பௌத்திர பாரம்பரியம் என்பவை வடமொழி. செக்குபந்தி, தஸ்தாவேஜு, ரொக்கம், வசூல் என்பவை நவாபு, மராட்டியர் காலக் கச்சேரிகளின் வழி வந்தவை. சர்வே, ரிஜிஸ்டர், ஸ்டாம்பு என்பவை கும்பினியாரின் கொடை. ஆட்சிகள் போய்விட்டன, ஒவ்வொன்றும் ஆளுக்கு ஒரு சொல்லைப் பத்திரத்தில் விட்டுச் சென்றிருக்கிறது. வடமொழியில் 'கிரயம்' என்றால் வாங்குவது, 'விக்கிரயம்' என்றால் விற்பது. தமிழ்ப் பத்திரத்தில் விற்பவரே கிரயம் செய்து கொடுக்கிறார்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அஷ்டபோகம். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்ற எட்டையும் சேர்த்து விற்றேன் என்று பழைய பத்திரங்கள் கூறும். புதைந்த செல்வமும் மறைத்து வைத்த பொருளும், நீரும் கல்லும், இருப்பதும் வரப்போவதும், விளைந்ததும் விளையக்கூடியதும். சில பத்திரங்களில் மரமும் சேரும். அதாவது, விற்பவர் அறியாத பொருளையும் சேர்த்து விற்கிறார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. அதற்குப் பிறகும் பத்திரங்கள் நிதியையும் நிட்சேபத்தையும் விற்றுக்கொண்டே இருந்தன. எங்கள் 1938ஆம் ஆண்டுப் பத்திரத்திலும் அவை உண்டு. புதையல் சர்க்காருக்குப் போய்விட்டதைப் பத்திர எழுத்தர் கண்டுகொள்ளவில்லை.

இந்த அஷ்டபோகத்துக்கு ஆங்கிலேயர் சட்டத்தில் ஓர் எளிய உடன்பிறப்பு உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வீட்டை விற்றால் அதனோடு பூட்டுகள், சாவிகள், தாழ்கள், கதவுகள், சன்னல்கள், நிலையான பயன்பாட்டுக்காக அமைத்த மற்றப் பொருள்கள் எல்லாம் சேர்ந்தே போகும் என்கிறது. வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை இதுவே விதி. ஆகவே, ஊஞ்சல் பலகையையோ பூசையறைக் கதவையோ எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் அதை முன்கூட்டியே பேசி எழுதிவிட வேண்டும். விலை முடிந்த பிறகு கதவைக் கழற்றுவது வழக்கில் போய் முடியும்.

அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு விற்பவரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாத, ஆனால் தமக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் மோசடி. ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் இடைப்பட்ட நாளில், வீட்டை நிதானமுள்ள உரிமையாளரைப் போலப் பேண வேண்டும். அதுவரையிலான வரிகளைத் தாமே கட்ட வேண்டும். முழு விலையும் பெற்றதும் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும். வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. விற்பவருக்கே தெரியாத அவருடைய உரிமையின் அளவு தமக்குத் தெரிந்திருந்து, அதனால் மதிப்பு கூடுமானால், அதை மறைக்கக் கூடாது. மழைக்காலத்தில் தென்மேற்கு அறையில் ஓதம் ஏறும் என்று நாங்கள் சொன்னோம். விலையில் சிறிது குறைந்தது. பிறகு அந்த ஊருக்குத் தலைநிமிர்ந்து போக முடிந்தது.

*

புள்ளிகளின் வீடு

விற்க முடியாத வீடுகளின் நிலப்பரப்பு ஒன்று நம்மிடம் உண்டு. செட்டிநாட்டு வீடுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரையிலான காலத்தில், பர்மா, மலாயா, இலங்கை ஆகிய இடங்களில் ஈட்டிய பொருளால் எழுந்தவை. பர்மாத் தேக்கில் தூண்கள், ஆத்தங்குடிப் பூக்கற்கள், தெருவுக்குத் தெரு நீளும் மனை. மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு 'புள்ளி'. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய அறைகள். வீடு ஒருவருக்குச் சொந்தமன்று. அது ஒரு வம்சத்தின் கிளைவிரிவைக் காட்டும் வரைபடம்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாகப் பர்மா வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1942இல் சப்பானியர் படையெடுத்தபோது அவற்றை விட்டு ஓடிவந்தார்கள். விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. வருவாய் நின்றது, வீடு நின்றுகொண்டிருந்தது. புள்ளிகள் மூன்று தலைமுறையில் பெருகிப் பல நாடுகளில் பரவின. ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்காளிகள். ஒருவர் விற்க நினைத்தால் மற்ற எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டாலும் விற்பனை இல்லை. ஓட்டை மாற்றவும் ஒப்புதல் கிடைக்காமல் மழையில் உருகிய வீடுகள் உண்டு. ஒப்புதல் கிடைத்தபோது, வீடாக வாங்க ஆளில்லாமல் தூணும் நிலையும் உத்திரமுமாகப் பிரித்து விற்கப்பட்ட வீடுகளும் உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் சாத்திவைத்திருக்கும் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 8ஆம் பிரிவு வீட்டோடு சேர்ந்தே போகும் என்று சொன்ன கதவுகள், வீட்டை விட்டுத் தனியே போயின.

இதிலிருந்து கொள்ள வேண்டிய யோசனை கசப்பானது. விற்பதற்குரிய காலம் என்று ஒன்று உண்டு. உடன்பிறந்தோர் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே பாகப் பத்திரமோ விற்பனையோ முடிந்துவிட வேண்டும். ஒரு தலைமுறை தள்ளிப்போட்டால் கையெழுத்துகள் மும்மடங்காகும்.

*

விற்பவர் யார்

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முதலில் சொல்ல வேண்டியதை இறுதிக்கு வைத்திருக்கிறேன். விற்பனை ஆவணத்தின் முதல் கேள்வி, விற்பவர் யார் என்பது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்கள் தம் சொத்தை விற்றிருக்கிறார்கள். ஆனால் அந்தணப் பெண்கள் விற்கும் பல ஆவணங்களில் கணவனோ மகனோ உறவினனோ 'முதுகண்'ணாக உடன் நிற்கிறான். சொத்து அவளுடையது, அதை விற்கும் சொல் மட்டும் அவனுடைய வாய்வழியே வரவேண்டும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆயினும் அதன் 23ஆம் பிரிவு வீட்டுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தது. குடும்பம் முழுவதுமாகக் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி மகள் கேட்க முடியாது. ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அங்கே வசிக்கும் உரிமையும் மணமாகாதவளுக்கும், கைவிடப்பட்டவளுக்கும், பிரிந்தவளுக்கும், கைம்பெண்ணுக்கும் மட்டுமே. வயலில் பங்கு கேட்கலாம், பிறந்த வீட்டில் கேட்கக் கூடாது. தமிழகம் 1989இல் மகள்களைக் கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளிகளாக்கியது. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தபோது 23ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எங்கள் பாட்டனார் 1967இல் உயில் எழுதாமல் இறந்தார். இரு மகன்கள், ஒரு மகள். 2010இல் பத்திரம் எழுதும்போது என் தந்தையின் வாரிசுகளும் சித்தப்பாவும் மட்டுமே விற்பவர்களாக இருந்தோம். அத்தையின் பெயரை நாங்கள் மறைக்கவில்லை. அது நினைவிலேயே வரவில்லை. கல்யாணத்தில் நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்பது வீட்டின் கணக்கு. வாங்குபவரின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாள் எங்கே என்று கேட்டார். எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம், ஏதாவது ஒரு தொகை கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

திருச்சிக்குப் போய்க் கேட்டபோது அத்தைக்கு வயது எழுபத்தைந்து. பத்திரத்தை வாங்கி முழுவதையும் படித்தார். "நான் எதை விடுறேன்னு இதுல போட்டிருக்கு?" என்று கேட்டார். சொத்து விவரம் என்ற இடத்தைக் காட்டினேன். நான்கு எல்லைகளையும் விரலை வைத்து வாசித்துவிட்டு, தெற்கே இருந்த சந்தில்தான் தாம் சைக்கிள் பழகியதாகச் சொன்னார். பிறகு, "எனக்குப் பணம் தேவையில்லேப்பா. ஆனா விட்டுட்டேன்னு எழுத மாட்டேன். வித்தேன்னு எழுது" என்றார்.

பத்திரம் திருத்தி எழுதப்பட்டது. விற்பவர்கள் வரிசையில் அத்தையின் பெயர் முதலில் வந்தது, மூத்தவர் அவரே. பதிவு நாளன்று வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு, பெருவிரல் ரேகை வைத்தார். அவருக்குரிய மூன்றில் ஒரு பங்கை அவர் கணக்கில் செலுத்தினோம். தேவையில்லை என்றவர் அதைத் திருப்பித் தரவில்லை. அதுவே சரி என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீடு விற்கப் போகிற நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை இவ்வளவே. வெள்ளையடிப்பதற்கு முன்பு, தரகரை அழைப்பதற்கு முன்பு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டில் பிறந்தவர்கள் அனைவரின் பெயரையும் எழுதுங்கள். இறந்தவர்களை எழுதி, அவர்களுடைய பிள்ளைகளை அடுத்த வரியில் எழுதுங்கள். மகள்களின் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். தாய்ப் பத்திரத்தை அதன் பிறகு தேடலாம்.